பாசிர் கூடாங் ஆறுகளும் கெளுத்தி மீனும்



வரலாறு என்றால் அரசர்களையும் போர்களையும் பற்றியது என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வகுப்பறையில் ஆசிரியர்களாகிய நாங்களும் பெரும்பாலும் அப்படித்தான் கற்பித்து வருகிறோம். ஆனால், ஓர் ஊரின் வரலாற்றை அங்கே ஓடும் ஆற்றைக் கொண்டும் சொல்லலாம். அந்த ஆற்றில் கிடைத்த மீனைக் கொண்டும் சொல்லலாம். இன்று ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங் வட்டாரத்தை அந்த வழியில் சிறிது நோக்குவோம். நாம் எடுத்துக்கொண்டிருப்பது மீசை வைத்த கெளுத்தி மீன்.

குளிர்நாடுகளில் கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும் வேளையை ஆற்றுக் கெளுத்தி பிடிக்க ஏற்ற காலம் என்பார்கள். நம் நாட்டில் கோடையும் இல்லை, இலையுதிர் காலமும் இல்லை. ஆயினும் அதே ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் நமக்கும் மீன் காலமாகவே இருந்தன. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்குகிறது. அதற்கு முந்திய மாதங்களில் மழை குறைந்து, ஆறும் ஓடையும் ஒடுங்கி, நீர் மடுக்களில் தேங்கி நிற்கும். மழை வந்து நீர் பெருகும்போது முட்டையிடுவதற்காகக் கெளுத்தி தன்னைத் தயாரித்துக்கொள்ளும் காலமும் அதுவே. ஆகவே மீன் கொழுத்திருக்கும். ஓரிடத்தில் கூடியும் இருக்கும்.

மாசாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 1980களில் வளர்ந்த எங்களுக்கு இந்தக் கணக்கைத் தமிழ் மாதங்களே சொல்லிக் கொடுத்தன. புரட்டாசி பிறந்துவிட்டால் லயத்தில் பாதி வீடுகளில் மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். ஆகையால் ஆவணி மாதம் முழுவதும் பிள்ளைகளின் கால் வீட்டில் தங்காது. சமையல்கட்டுக்குப் பின்னே ஈரமண்ணைக் கொத்தி மண்புழு எடுப்போம். மூங்கில் கழியில் நைலான் நரம்பைக் கட்டி, தக்கைக்கு ரப்பர் செருப்புத் துண்டைக் கோத்து, மாலையில் கான் கரைக்குப் போய்விடுவோம். பெரியவர்கள் இரவுத் தூண்டில் போட்டுவிட்டு வந்து, மறுநாள் பால் வெட்டப் போகும் வழியில் எடுத்துக்கொள்வார்கள். சிலர் மூங்கிலால் பின்னிய பறியை ஓடையின் குறுகலில் வைப்பார்கள். அதையே மலாய்க்காரர் பூபு என்பர். பிடித்து வந்த மீனின் முள்ளை முதலில் ஒடித்து, அடுப்புச் சாம்பல் போட்டு வழுவழுப்புப் போக உரசி, புளி கரைத்துக் குழம்பு வைப்பார்கள் எங்கள் அம்மாமார்.

கெளுத்தி என்பது ஒரே மீன் அன்று. அது ஒரு குலம். பழந்தமிழில் கெளிறு என்ற பெயரும் அதற்கு உண்டு. செதில் இல்லாத உடல், வாயைச் சுற்றி மீசை, மார்புத் துடுப்பின் முன்னே கூரிய முள் ஆகியவை நம் பக்கத்துக் கெளுத்திகளின் அடையாளங்கள். கானிலும் சதுப்பிலும் வாழும் வகையை மலாய்க்காரர் கெலி என்பர். ஓடுகின்ற நன்னீரை விரும்புவது பாவுங். நன்னீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகத்தில் இரு வகைகள் உண்டு. ஒன்று, விலாங்கைப் போன்ற வாலையுடைய செம்பிலாங். அதன் முள்ளில் நஞ்சு இருப்பதால், குத்துப்பட்ட கையைப் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைப்பது இன்றும் மருத்துவர் ஒப்புக்கொள்ளும் முதலுதவி. மற்றொன்று டூரி. அந்தச் சொல்லுக்கே மலாய் மொழியில் முள் என்பது பொருள். அந்த மீனில் முட்டைகளைக் குஞ்சு பொரிக்கும் வரை வாயில் வைத்துக் காப்பது தகப்பன் மீன்.

இவற்றுள் கெலிக்கு ஒரு தனித் திறமை இருக்கிறது. செவுளுக்கு மேலே மரக்கிளை போலக் கிளைத்த ஓர் உறுப்பு அதற்கு உண்டு. அதைக்கொண்டு நேராகக் காற்றையே சுவாசிக்கும். நீரில் உயிர்வாயு குறைந்தாலும் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். மழை இரவில் ஈரத் தரையில் நெளிந்து அடுத்த கானுக்கும் போய்விடும். பாவுங்குக்கு அந்த வசதி இல்லை. நீர் கெட்டால் முதலில் மறைவது அதுதான். இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

பாசிர் கூடாங்கின் கிழக்கே ஜொகூர் ஆறு கடலில் கலக்கிறது. தெற்கே ஜொகூர் நீரிணை. அதற்கு அப்பால் சிங்கப்பூரின் உபின் தீவு. மலாக்கா 1511இல் போர்த்துகீசியர் கையில் வீழ்ந்த பிறகு, அதன் அரச மரபினர் 1540ஆம் ஆண்டளவில் ஜொகூர் ஆற்றங்கரையில் ஜொகூர் லாமா என்னும் தலைநகரை அமைத்தனர். போர்த்துகீசியர் 1587இல் அதனை அழித்தனர். அந்நாளில் இவ்வட்டாரத்தில் ஆறே சாலை, ஆறே சந்தை. கழிமுகங்களில் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் ஓராங் செலேத்தார் என்னும் கடல்சார் பழங்குடியினர். அவர்களுடைய வழிவந்தோர் இன்றும் கோலா மாசாய், கோங் கோங் போன்ற இடங்களில் மீன், நண்டு, சிப்பி பிடித்து வாழ்கின்றனர். இந்த நீரை அவர்களைவிட நெடுங்காலம் அறிந்தவர் இங்கே வேறு எவரும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறு ஆட்சியின் அலகாகவே மாறியது. தெமெங்கோங் இப்ராகிம் 1844ஆம் ஆண்டு முதல் சீனத் தலைவர்களுக்குச் ‘சூராட் சுங்கை’ என்னும் ஆற்றுப் பத்திரங்களை வழங்கினார். ஓர் ஆற்றங்கரையில் காட்டை வெட்டி, கம்பீரும் மிளகும் பயிரிட்டு, அங்கே வரி வசூலிக்கும் உரிமையைப் பெற்ற தலைவருக்குக் கங்சூ என்று பெயர். அது ‘துறைத் தலைவர்’ என்று பொருள்படும் சீனச் சொல். கம்பீர் இலையைக் காய்ச்சிச் சாறு எடுப்பதற்கு விறகு மிகுதியாக வேண்டும். பதினைந்து, இருபது ஆண்டுகளில் நிலமும் சத்து இழந்துவிடும். அடுத்த காட்டுக்குப் போவார்கள். இவ்வாறு கரையோரக் காடு குறைந்தது. கங்சூ முறை 1917இல் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது.

ரப்பரோடு வந்தவர்கள் நம் முன்னோர். தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியே வந்தவர்களுக்கு ஆறும் வாய்க்காலும் புதியவை அல்ல. காவிரிக் கால்வாயில் கெளுத்தி பிடித்த கைதான் இங்கே தோட்டத்துக் கானிலும் தூண்டில் போட்டது. குறைந்த கூலியில் குடும்பம் நடத்தியவர்களுக்கு அந்த மீன் விலையில்லாத கறியாக இருந்தது. மலாய்க் கம்பத்தாரிடமிருந்து மீனின் பெயர்களைக் கற்றுக்கொண்டார்கள். அன்று கற்ற பாவுங்கும் செம்பிலாங்கும் இன்று நம் வீட்டுச் சொற்கள்.

இதற்கிடையே நீரின் போக்கிலேயே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924 ஜூன் 28 அன்று அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அது தூண்கள் மேல் நிற்கும் பாலம் அன்று. கல்லைக் கொட்டி எழுப்பிய அணை போன்றது. அதுவரை நீரிணையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தாராளமாக ஓடிய அலைநீர், அதன்பின் கிழக்கு என்றும் மேற்கு என்றும் பிரிந்து நின்றது. கழிவு எதுவாயினும் அதனை அள்ளிக்கொண்டு போகும் ஓட்டம் குறைந்தது. ஆற்றில் விடுவது அதிகமாகப் போகும் ஒரு நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாறு நேர்ந்தது.

தோட்டங்களில் ஆலைகள் எழுந்தன. ரப்பர் பாலை அமிலத்தால் உறைய வைத்தபின் எஞ்சும் நீரும், செம்பனை ஆலையின் பழுப்பு நிறக் கழிவுநீரும் ஆற்றில் கலந்தால், அவற்றை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வாயுவை உறிஞ்சிவிடும். மீனுக்கு மூச்சுத் திணறும். இதனை அரசாங்கம் உணர்ந்து 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிகள் வந்தன. செம்பனை ஆலைக் கழிவுநீர் உறிஞ்சக்கூடிய உயிர்வாயுவின் அளவு லிட்டருக்கு 5,000 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்று 1978இல் தொடங்கி, படிப்படியாக இறுக்கி, 1984இல் அது 100 மில்லிகிராம் ஆக்கப்பட்டது. ஆலைகள் கழிவுக் குளங்கள் வெட்டின. சட்டத்தால் ஆற்றைக் காக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த நல்ல சான்று இது.

ஆனால் சட்டத்துக்குக் கண்ணாக இருந்தவர்கள் யார்? இதற்கு எங்கள் தோட்டத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம்.

ஓர் ஆவணி மாலையில் நாங்கள் ஓடைக்குப் போனபோது கெலிகள் கூட்டங்கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருந்தன. தூண்டிலே வேண்டாம், கையாலேயே அள்ளலாம் போலிருந்தது. எங்களுக்குக் கொண்டாட்டம். இரண்டு வாளி நிறைய அள்ளிக்கொண்டு லயத்துக்கு ஓடினோம். வாசலில் உட்கார்ந்திருந்த தாத்தா ஒருவர் வாளியைப் பார்த்தார். “ஆத்துல பாவுங் இருக்குதாடா?” என்று கேட்டார். “இல்ல தாத்தா. ரெண்டு மூணு செத்து மிதக்குது. கெலிதான் நெறைய இருக்கு” என்றோம். அவர் எழுந்து வந்து வாளியை முகர்ந்து பார்த்தார். “கொட்டுங்கடா. தண்ணி கெட்டுப்போச்சு. கெலி மேல வந்தது உங்களுக்காக இல்ல, மூச்சு விடுறதுக்கு” என்றார். எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆயினும் கொட்டினோம்.

அன்று இரவே அவர் கிராணி வீட்டுக்குப் போனார். மறுநாள் ஆட்கள் ஓடையோரமாக மேலே நடந்து பார்த்தபோது, ஆலையின் கழிவுக் குளத்துக் கரை ஓரிடத்தில் உடைந்து கசிந்துகொண்டிருந்தது. இரண்டொரு நாளில் கரையை அடைத்தார்கள். அடுத்த ஆண்டு பாவுங் திரும்பி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெரியவர், எந்தக் கருவியும் இல்லாமல், மீனைக் கேட்டே நீரை அறிந்துகொண்டார். கெளுத்தி உயிரோடு இருக்கிறது, ஆகவே நீர் நல்லது என்று நினைப்பது தவறு என்பதையும் அன்றே கற்றுக்கொண்டோம். எந்தக் கெளுத்தி இருக்கிறது, எது இல்லை என்று பார்க்க வேண்டும்.

இத்தகைய மனிதர்கள் கரையில் இருந்த காலத்திலேயே பாசிர் கூடாங் மாறத் தொடங்கியிருந்தது. மாநிலப் பொருளாதார வளர்ச்சிக் கழகத்தின் முயற்சியால் இங்கே தொழிற்பேட்டை உருவாயிற்று. 1977இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. இரசாயனம், எண்ணெய், இரும்பு, மின்சாரம் எனப் பல தொழில்கள் வந்தன. பின்னாளில் தஞ்சோங் லங்சாட்டிலும் துறைமுகமும் தொழிற்பேட்டையும் எழுந்தன. 2020 நவம்பரில் பாசிர் கூடாங் மாநகராட்சி ஆயிற்று. இந்த வளர்ச்சியை நாம் குறை கூறவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு நல்ல வேலை கிடைத்தது இதனால்தான். ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயங்கள் இடிக்கப்பட்டன. மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். ஓடைகள் சிமெண்டுக் கால்வாய்களாயின. அவற்றைச் சுற்றி வேலி எழுந்தது.

மீனும் மாறியது. ஆப்பிரிக்கக் கெலி 1980களில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, குளங்களில் பெருவாரியாக வளர்க்கப்பட்டது. இன்று சந்தையில் தொட்டியில் நீந்தும் கெலி பெரும்பாலும் அந்த வகையும் அதன் கலப்பினமும் ஆகும். விலை மலிவு, கறியும் குறைவில்லை. ஆகவே ஆற்றுக்குப் போக வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. வகுப்பில் கெளுத்தி எங்கே வாழும் என்று கேட்டால், “சந்தையில், சார்” என்று ஒரு மாணவன் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு, அவன் சொன்னதில் தவறில்லையே என்று தோன்றியது.

2019 மார்ச் 7ஆம் தேதி. பாசிர் கூடாங்கில் ஓடும் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதிலிருந்து எழுந்த நச்சு வாயு பாசிர் பூத்தே பகுதிப் பள்ளிகளுக்குள் புகுந்தது. முதலில் பாதிக்கப்பட்டவர்களுள் மாணவர்கள் மிகுதி. மூச்சுத் திணறலும் வாந்தியும் மயக்கமும் கண்டன. ஒரு வாரத்துக்குள் 2,000க்கும் மேற்பட்டோர் சிகிச்சை நாட வேண்டியதாயிற்று. மார்ச் 13 அன்று பாசிர் கூடாங்கின் 111 பள்ளிகளையும் மூடுமாறு கல்வி அமைச்சு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மாணவர்களுக்கு மீண்டும் மூச்சுத் தொல்லை கண்டு, பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டன. பெயர்ப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பிள்ளை எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்த அந்த நாள்களை இவ்வட்டாரத்து ஆசிரியர்கள் மறக்க மாட்டோம்.

நேயர்களே, இங்கேதான் நாம் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். தோட்டத்து ஆலை ஓரிடத்தில் நிற்பது. அதற்குப் பெயரும் முகவரியும் உண்டு. அதன் கழிவு வரும் கான் எது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே சட்டம் அதனைப் பிடித்து நிறுத்த முடிந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் வந்துவிட்டுப் போகும் லாரிக்கு அந்த ஆற்றோடு எந்த உறவும் இல்லை. அது தேடுவது ஆள் இல்லாத கரையை. முன்பெல்லாம் ஆற்றங்கரையில் இரவுத் தூண்டிலோடு இரண்டு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். விடியற்காலையில் பறியை எடுக்க ஒருவர் வருவார். அவர்கள் சம்பளம் வாங்காத காவலர்கள். அவர்கள் போன இடத்தில் வேறு காவலை நாம் வைக்கவில்லை. நீர் கெட்ட செய்தியை அன்று மீன் சொன்னது; 2019இல் பிள்ளைகளின் நுரையீரல் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்படியானால் பழையபடி எல்லோரும் தூண்டிலை எடுத்துக்கொண்டு போக வேண்டுமா? அதுவல்ல நாம் சொல்ல வருவது. தொழிற்பேட்டை ஓடைகளில் மீன் பிடித்து உண்பது அறிவுடைமை ஆகாது. நஞ்சு வைத்தும் மின்சாரம் பாய்ச்சியும் மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதுவும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டிருக்கிறது. தண்டனை கடுமையானது நல்லதே. ஆனால் பார்த்தவர் ஒருவர் இருந்தால்தான் தண்டனைக்கு வேலை.

ஆகவே எங்கள் பள்ளியில் ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் மாதம் ஒருமுறை ஆசிரியர் துணையோடு, வேலிக்கு இப்பால் நின்றபடி, பக்கத்து ஓடையைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார்கள். நீரின் நிறம் என்ன, வாடை உண்டா, நுரை உண்டா, மீன் தெரிகிறதா, கரையில் புதிய வண்டித்தடம் இருக்கிறதா என்பவையே கேள்விகள். மாறுதல் கண்டால் தலைமையாசிரியர் மூலம் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிப்போம். பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் தாங்கள் அறிந்த மீன்களின் பெயர்களை அதே நோட்டின் பின்பக்கங்களில் எழுதிக் கொடுத்து வருகிறார்கள். எந்த மடுவில் எது கிடைத்தது, எந்த ஆண்டோடு நின்றுபோயிற்று என்று அவர்கள் எழுதுவதும் வரலாறுதான். அந்தத் தலைமுறை போன பிறகு அதனைக் கேட்டு எழுத ஆள் கிடைக்காது.

சென்ற ஆவணியில் ஒரு மாணவி அந்த நோட்டில் இவ்வாறு குறித்திருந்தாள்: நீர் பழுப்பு, வாடை இல்லை, மீசை மீன் இரண்டு, மேலே வந்து காற்றுக் குடித்தன. அதற்குக் கீழே, “பாவுங் பார்க்கவில்லை” என்றும் எழுதியிருந்தாள். அவள் பாவுங்கை நேரில் கண்டதில்லை. அவளுடைய பாட்டி சொல்லிக் கேட்டதுதான். இல்லாத மீனையும் குறித்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் ஊரிலும் ஓர் ஆறோ ஓடையோ இருக்கும். அதில் முன்பு என்ன மீன் இருந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களை இன்றே கேட்டுப் பாருங்கள். பிறகு ஒருநாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் கரையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.